ராத்திரி 11 மணிக்கும் சுவர் சுடுகிறதே, ஏன்? தெர்மாமீட்டர் சொல்லாத வெப்பக் கணக்கு!

சென்னை—

வெயில் மாலை ஆறரை மணிக்கு மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுகிறது. ஆனால் வெப்பம் மட்டும் போக மாட்டேன் என்கிறது!

கோடை பிறந்தால், சென்னையில் மேல்மாடியில் குடியிருக்கும் யாரைக் கேட்டாலும் ஒரே புகார்தான். "பகலை ஆபீசுலயோ கடையிலயோ எப்படியோ ஓட்டிடுறோம். ராத்திரிதான் தாங்க முடியல. ஃபேனைப் போட்டா அனல் இறங்குது. பதினோரு மணிக்கு சுவத்துல கை வெச்சா சுடுது."

செய்தியில் வருவது என்ன? "வெயில் சதம் அடித்தது! நுங்கம்பாக்கத்தில் 100 டிகிரி!" அவ்வளவுதான்.

அந்த எண் பொய் அல்ல. ஆனால் அது எங்கே எடுத்த எண்? வானிலை நிலையத்தில், திறந்த வெளியில், சுமார் நாலடி உயரத்தில், வெள்ளையடித்த பலகைப் பெட்டிக்குள், நிழலில் இருக்கும் தெர்மாமீட்டர் காட்டிய எண். அந்தத் தெர்மாமீட்டர் மேல்மாடியில் குடியிருக்கவில்லை. மூட்டை தூக்கவில்லை. பஸ்சில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கவும் இல்லை!

இங்கேதான் பலருக்கும் ஒரு குழப்பம். சூட்டின் அளவு வேறு, வெப்பம் வேறு. இரண்டையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அரசாங்கத்தின் அறிவிப்புகளும் பெரும்பாலும் முதலாவதை வைத்துத்தான் நடக்கின்றன. ஆளைக் கொல்வது இரண்டாவது.

மத்தாப்பும் அண்டாவும்

தீபாவளிக்குக் கொளுத்தும் கம்பி மத்தாப்பைப் பாருங்கள். அதிலிருந்து தெறிக்கும் பொறியின் சூடு ஆயிரம் டிகிரி அளவுக்கு இருக்கும். அது கையில் விழுந்தால் ஊசி குத்தினாற்போல் ஒரு சுருக், அதோடு சரி. ஆனால் 70 டிகிரி வெந்நீர் ஒரு சொம்பு காலில் கொட்டினால் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும்.

70 பெரிதா, 1000 பெரிதா? எண்ணில் 1000 பெரிது. ஆனால் பொறி என்பது கடுகில் பாதி. அதில் அடங்கிய வெப்பம் கொஞ்சம். சொம்புத் தண்ணீரில் அடங்கிய வெப்பம் ஏராளம். டிகிரி என்பது சூட்டின் உயரம். வெப்பம் என்பது சரக்கு. எவ்வளவு சரக்கு இருக்கிறது, அது எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்பதுதான் விஷயம்.

நகர்வதற்கு ஒரே சட்டம்: சூடு அதிகமான இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு. தானாக மறுபக்கம் போகவே போகாது.

மே மாதத்தில் ஒரு மணி பஸ்சில் ஏறிப் பாருங்கள். ஜன்னலோரக் கம்பி சுடும். பக்கத்திலே உள்ள ரப்பர் பட்டை அவ்வளவு சுடாது. இரண்டும் ஒரே வெயிலில் வெந்தவைதான். கம்பி தன்னிடம் உள்ள வெப்பத்தை மளமளவென்று கைக்குக் கொடுத்துவிடுகிறது. ரப்பர் கஞ்சத்தனமாகக் கொடுக்கிறது. காபியை டவரா டம்ளரில் ஆத்தும்போது நடப்பது வேறு வழி: காற்று வந்து வெப்பத்தை அள்ளிக்கொண்டு போகிறது, கொஞ்சம் ஆவியாகவும் போகிறது. டீக்கடை பாய்லர் பக்கம் நிற்கும்போது தொடாமலேயே முகத்தில் உறைக்கிறதே, அது மூன்றாவது வழி. சூடான பொருள் எதுவானாலும் வெப்பத்தை வெளிச்சம் போல நாலாபக்கமும் வீசிக்கொண்டே இருக்கும். நம் தலைக்கு மேல் உள்ள காங்கிரீட் கூரையும் அப்படித்தான்.

தலைக்கு மேல் மூன்று டன்!

பத்துக்குப் பத்து அறை. மேலே ஐந்து அங்குலக் காங்கிரீட். அந்தக் கூரையின் எடை எவ்வளவு இருக்கும்? கிட்டத்தட்ட 2,800 கிலோ! அறைக்குள் இருக்கும் காற்றின் எடை? சுமார் 33 கிலோ.

நடுப்பகலில் செங்குத்தாக விழும் வெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட். பத்துக்குப் பத்து கூரைக்கு ஒன்பது கிலோவாட்டுக்கு மேல். ஒன்பது அயர்ன் பாக்சைக் கவிழ்த்து வைத்த மாதிரி! சாம்பல் நிறக் காங்கிரீட் அதில் பெரும்பங்கை உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சியது உடனே கீழே வருவதில்லை. காங்கிரீட்டுக்குள் வெப்பம் மெல்ல ஊர்ந்து வருகிறது. மதியம் மேலே விழுந்தது கீழே எட்டிப் பார்க்கச் சில மணி நேரம் ஆகும். அதாவது வீட்டுக்காரர் வேலை முடிந்து சட்டையைக் கழற்றிக்கொண்டு உட்காரும் நேரம்!

கணக்கைப் பாருங்கள். அந்தக் கூரை ராத்திரியில் 10 டிகிரி இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், அது வெளியே விட்டாக வேண்டிய வெப்பம் சுமார் 7 யூனிட். கரண்டு பில்லில் வருமே, அதே யூனிட்தான். 1,000 வாட் ஹீட்டரை ஏழு மணி நேரம் எரியவிட்டதற்குச் சமம். பாதி வானத்தைப் பார்க்கப் போய்விட்டது என்றாலும், மீதிப் பாதி கீழே படுத்திருக்கிறவர்கள் தலையில்.

காற்றை மட்டும் மாற்றி என்ன பயன்? கூரை ஒரு டிகிரி இறங்கும்போது விடும் வெப்பம், அந்த அறையின் காற்று முழுவதையும் 70 டிகிரிக்கு மேல் ஏற்றும் அளவுக்கு உண்டு. ஜன்னலைத் திறந்து காற்றை மாற்றினால் மாற்றிய காற்றையும் கூரை சூடாக்கிக்கொண்டே இருக்கும். இருந்தாலும் ஜன்னலைத் திறந்துதான் வைக்க வேண்டும். சூடான காற்று வெளியேறினால்தான் கூரையும் சுவரும் கொஞ்சமாவது இறங்கும்.

தகரக் கொட்டகையில் இருப்பவர் கதை நேர் தலைகீழ். தகரத்துக்கு எடை இல்லை; சேர்த்து வைக்க இடமும் இல்லை. பகலில் தோசைக்கல், ராத்திரி எட்டு மணிக்கே ஆறிப்போகும். பகலில் உள்ளே உட்கார்ந்து தையல் மிஷின் ஓட்டுகிறவருக்கு அதனால் ஒரு ஆறுதலும் கிடையாது என்பது வேறு விஷயம்.

இன்னொன்றும் உண்டு. திறந்த வெளியில் தனியாக நிற்கும் வீடு ராத்திரியில் வானத்தைப் பார்த்து வெப்பத்தை வீசிவிடும். நம் சந்துகளில் சுவர் எதிர்ச் சுவரைத்தான் பார்க்கிறது. இது அதற்கு வீச, அது இதற்கு வீச, வெப்பம் சந்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. மரம், குளம், மண் தரை எல்லாம் இருந்தால் தண்ணீர் ஆவியாகிக் கொஞ்சம் வெப்பத்தை எடுத்துப் போகும். அவற்றையெல்லாம்தான் தூர்த்து மனை போட்டாயிற்றே!

பானையும் உடம்பும்

மனித உடம்பும் ஒரு சின்ன ஹீட்டர்தான். சும்மா உட்கார்ந்திருந்தாலே கிட்டத்தட்ட 100 வாட் வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். மூட்டை தூக்குகிறவருக்கு 400 வாட்டுக்குக் குறையாது. வெளியேற்றாவிட்டால் உடம்பே சூடேறும்.

உடம்பின் மேல்தோல் சுமார் 35 டிகிரி. சுற்றியுள்ள காற்று 25 டிகிரி என்றால் கவலை இல்லை. வெப்பம் தானாகவே வெளியே போகும். காற்று 38 டிகிரி ஆகிவிட்டால்? சட்டப்படி வெப்பம் வெளியிலிருந்து உடம்புக்குள் வரும்! அப்போது மிச்சம் இருக்கும் ஒரே கதவு வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். லேசான வேலை அல்ல.

ஆனால் "ஆவியானால்" என்பதுதான் முக்கியம். வழிந்து ஓடும் வியர்வையால் பிரயோசனம் இல்லை.

மண்பானைத் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். வேலூரில் ஜில்லென்று இருக்கும் பானைத் தண்ணீர் திருவல்லிக்கேணியில் அவ்வளவு ஜில்லென்று இருப்பதில்லை. பானை மேல் குறை இல்லை. கடலோரக் காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருக்கிறது. கசிந்த நீர் ஆவியாக இடம் இல்லை. பானைக்கு நடப்பதுதான் உடம்புக்கும் நடக்கிறது. அதனால்தான் வேலூரில் 41 டிகிரியில் நடமாடும் ஆள், சென்னையில் 36 டிகிரி புழுக்கத்தில் சுருண்டு விழுகிறார்.

மின்விசிறி காற்றைக் குளிர வைப்பதாகப் பலர் நம்புகிறார்கள். அது தவறு. மோட்டார் ஓடுவதால் அறைக்குக் கொஞ்சம் வெப்பம் கூடத்தான் செய்யும். தோலை ஒட்டியுள்ள ஈரக் காற்றைத் தள்ளிவிட்டு வியர்வை ஆவியாக வழி செய்வதுதான் அதன் வேலை. ஆள் இல்லாத அறையில் ஃபேன் ஓடினால் கரண்டு நஷ்டம். அறைச் சூடு 40 டிகிரியைத் தாண்டிவிட்டால், ஃபேன் அனலை உடம்பின் மேல் அடித்து நிலைமையை மோசமாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது.

மெரினாவில் நடந்தது

2024 அக்டோபர் 6. ஞாயிற்றுக்கிழமை. மெரினாவில் விமானப்படை சாகசக் காட்சி. பல லட்சம் பேர் கூடினார்கள். காட்சி நடந்தது நடுப்பகலில். அன்று ஐந்து பேர் உயிரிழந்தார்கள். மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர்கள் பலர். வெயில் தாங்காததே காரணம் என்று சொல்லப்பட்டது.

அக்டோபர் மாதம்! கத்திரி முடிந்து நாலு மாதம் ஆகிவிட்டது. தெர்மாமீட்டரும் 40 டிகிரியைத் தொடவில்லை. பின் எப்படி?

மேலே சொன்னதையெல்லாம் சேர்த்துப் பாருங்கள். தலைக்கு மேல் நேர் வெயில். கீழே மணலும் தார் ரோடும் வீசும் வெப்பம். கடலோர ஈரம். தோளோடு தோள் இடிக்கும் கூட்டத்தில் ஒவ்வொருவரும் 100 வாட் ஹீட்டர். நடுவில் நிற்பவருக்குக் காற்றே கிடையாது. நாலைந்து மணி நேரம் நின்றவருக்குக் குடிக்கத் தண்ணீரும் கையில் இல்லை என்றால், வியர்வைக்கு எங்கே போவது? உள்ளே வரும் வழி எல்லாம் திறந்திருக்க, வெளியே போகும் ஒரே கதவும் சாத்திக்கொண்டது.

உடம்பின் உள்சூடு 40 டிகிரியைத் தாண்டினால் ஆபத்து. ஆள் சம்பந்தமில்லாமல் உளறினாலோ, தள்ளாடினாலோ, நினைவு தப்பினாலோ "சும்மா மயக்கம்" என்று விட்டுவிடக் கூடாது. 108-க்குப் போன் செய்துவிட்டு, அது வருவதற்குள் நிழலுக்குத் தூக்கிப் போய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் ஈரத்துணியோ ஐஸோ வைக்கலாம். நினைவில்லாதவர் வாயில் சோடா, தண்ணீர் எதையும் ஊற்றக் கூடாது. நம் ஊரில் முதலில் செய்வதே அதைத்தான்!

உள்ளே குளிர், வெளியே அனல்

"ஏசி போட்டுக்க வேண்டியதுதானே?" என்று வசதியுள்ளவர்கள் கேட்பார்கள்.

ஏசி குளிரைத் தயாரிப்பதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தைச் சுமந்துபோய் வெளியே கொட்டுகிறது. வெப்பம் தானாகப் போகாத திசையில் தள்ளுவதால் கூலி கேட்கிறது. அந்தக் கூலிதான் கரண்டு பில். ஒரு டன் ஏசி ஒரு மணி நேரத்தில் மூன்றரை யூனிட் வெப்பத்தை எடுக்கிறது. அதற்குச் சுமார் ஒரு யூனிட் கரண்டு. ஆக வெளியே கொட்டுவது நாலரை யூனிட். பக்கத்து வீட்டு ஜன்னல் மூன்றடி தூரத்தில் இருந்தால் என்ன ஆகும்? "சார், உங்க ஏசி காத்து எங்க குழந்தை தூங்குற இடத்துல அடிக்குது" என்று சண்டை வருகிறது. சண்டையில் நியாயம் இருக்கிறது.

அது என்ன "டன்"? ஏசி மிஷினின் எடை அல்ல. ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ, அவ்வளவை இழுக்கும் மிஷின் என்று அர்த்தம்.

ஐஸ் என்றதும் மெரினா எதிரே உள்ள ஐஸ் ஹவுஸ் நினைவுக்கு வரும். இன்று அது விவேகானந்தர் இல்லம். 1842-இல் அமெரிக்க வியாபாரி பிரெடரிக் டியூடர் ஐஸ் சேமித்து வைக்கக் கட்டியது. அமெரிக்காவில் குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை அறுத்து, பாளம் பாளமாகக் கப்பலில் ஏற்றி, மாதக்கணக்கில் கடலில் வந்து இங்கே இறக்கினார்கள். வெப்ப மண்டலத்தைக் கடந்து வந்த ஐஸ் எப்படித் தப்பியது? மரத்தூள்! வெப்பத்தை உள்ளே விடாத கஞ்சப் பொருள். பின்னாளில் உள்ளூரிலேயே மிஷினில் ஐஸ் தயாரானதும் வியாபாரம் படுத்துவிட்டது.

கரண்டே இல்லாத காலத்தில் வெப்பத்தைத் தடுக்கத் தெரிந்திருக்கிறது. அதே சென்னையில் இன்று வெறும் காங்கிரீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அதன் கீழே ஏசி மாட்டுகிறோம்.

ஒரு வாளி, ஒரு கோட்டிங்

மொட்டை மாடியில் தண்ணீர் ஊற்றலாமா? ஊற்றலாம், ஆனால் ஊற்றும் விதம் இருக்கிறது. 15 லிட்டர் வாளித் தண்ணீர் முழுவதும் ஆவியானால் 10 யூனிட் வெப்பத்தை எடுக்கும். அதே தண்ணீரைச் சளசளவென்று கொட்டி அது குழாய் வழியே ஓடிவிட்டால், எடுத்துப் போவது அதில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. வெயில் தாழ்ந்ததும் தரை நனையும் அளவுக்குத் தெளித்து, காய்ந்ததும் மறுபடி தெளிக்க வேண்டும். புழுக்கமான ராத்திரியில் பலன் குறையும். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கும் தெருவில் இந்த யோசனையைச் சொன்னால் அடிக்க வருவார்கள் என்பதும் உண்மை.

அதைவிட மேல், வெப்பத்தை உள்ளே விடாமலே திருப்பி அனுப்புவது. புதிதாக அடித்த வெள்ளைச் சுண்ணாம்பு, விழும் வெயிலில் பாதிக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். மழையில் கரையும், அழுக்கு ஏறும்; வருஷா வருஷம் அடிக்க வேண்டும். வெள்ளை ஓடு, இதற்கென்றே விற்கும் வெள்ளைப் பெயிண்ட் எல்லாம் கூட நாள் வரும். சென்னையை அடுத்த பெரும்பாக்கம் அரசுக் குடியிருப்பில் இப்படிக் கூரைப் பூச்சு அடித்துப் பார்த்திருக்கிறார்கள். தெலுங்கானா அரசு 2023-இல் "குளிர் கூரை"க்கு என்றே ஒரு கொள்கை அறிவித்து, பெரிய கட்டடங்களுக்கு அதைக் கட்டாயம் ஆக்கியது.

வாடகை வீட்டுக்காரர் கேட்கும் கேள்வி வேறு. "மாடிச் சாவியே ஓனர்கிட்ட இருக்கு. நான் எங்க போய் வெள்ளையடிக்கிறது?" கூரை ஒருவருக்குச் சொந்தம், அதன் கீழே வேகிறவர் இன்னொருவர். ஓனரைச் செய்ய வைக்க இன்று கட்டாயம் ஒன்றும் இல்லை. சொத்து வரியில் ஒரு சின்னச் சலுகை கொடுத்தால் நாளைக்கே சுண்ணாம்பு வாங்கி வருவார்.

அறிவிப்பும் அளவுகோலும்

மெரினா சம்பவம் நடந்த அதே 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் சொன்னது. வரவேற்க வேண்டிய காரியம். புயலுக்கும் வெள்ளத்துக்கும் கிடைத்த மரியாதை கடைசியில் வெயிலுக்கும் கிடைத்தது.

ஆனால் வெப்ப அலை என்றால் என்ன? வானிலைத் துறையின் இலக்கணப்படி, சமவெளியில் 40 டிகிரி, கடலோரத்தில் 37 டிகிரியாவது இருக்க வேண்டும். அதோடு வழக்கத்தைவிட நாலரை டிகிரி கூடியிருக்க வேண்டும். எல்லாம் பகல் தெர்மாமீட்டர் கணக்கு. ஈரப்பதம் அந்தக் கணக்கில் இல்லை. "வெப்பமும் புழுக்கமும்" என்று தனியாக ஒரு எச்சரிக்கை விடுவது உண்டு. அது வெப்ப அலை ஆகாது.

ராத்திரிக்கும் ஒரு இலக்கணம் வைத்திருக்கிறார்கள். "வெப்ப இரவு" என்று பெயர். ராத்திரிச் சூடு வழக்கத்தைவிட நாலரை டிகிரி கூடினால் அப்படிச் சொல்லலாம். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை: பகலில் 40 டிகிரி இருந்திருக்க வேண்டும்! பகலில் 38 டிகிரி அடித்து, ஈரத்தோடு ராத்திரியெல்லாம் வேகும் கடற்கரை நகரம் இதில் எங்கே வரும்?

பகலில் வேலை செய்து வெப்பம் ஏறிய உடம்புக்கு இளைப்பாறும் நேரம் ராத்திரிதான். ராத்திரியும் இறங்காவிட்டால் மறுநாள் பாக்கியோடு தொடங்குகிறது. முதியவர், இதய நோயாளி, சிறுநீரகக் கோளாறு உள்ளவர் படுக்கையிலேயே போய்விடுவது உண்டு. இறப்புச் சான்றிதழில் "மாரடைப்பு" என்று இருக்கும். நிவாரணம் வாங்க வெப்பம்தான் காரணம் என்று சான்று வேண்டும்.

அகமதாபாத்தில் 2010 மே மாதம் கடும் வெயில். வெயிலுக்குச் செத்தவர்கள் என்று சான்றிதழை மட்டும் பார்த்து எண்ணவில்லை. முந்தைய ஆண்டுகளின் மே மாதச் சாவு எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1,344 சாவுகள் கூடுதல் என்று தெரிந்தது. அதன் பிறகுதான் 2013-இல் அந்த நகராட்சி வெயிலுக்கென்று தனித் திட்டம் போட்டது.

சென்னையிலும் பிறப்பு, இறப்புப் பதிவு முழுவதும் மாநகராட்சி கையில்தான் இருக்கிறது. எந்தத் தேதியில் எத்தனை இறப்பு என்று புத்தகத்தில் உண்டு. அன்றைய ராத்திரிச் சூடும் ஈரமும் வானிலை நிலையத்தில் உண்டு. இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.